வரவு விட்டுப்போனால் எங்கே தேடுவது? காலண்டர் அச்சக வசூல் கணக்குக்கு ஒரு வழிமுறை

பொங்கல் முடிந்த வாரம் சிவகாசியில் காலண்டர் வேலை ஓய்ந்திருக்கும். கணக்குப் பிரிவுக்கு அப்போதுதான் சீசன். ஆடிப்பெருக்கு அன்று மாதிரிக் காலண்டர்களைத் தொகுத்த ஆல்பம் வெளியாகி, அதை எடுத்துக்கொண்டு ஏஜென்ட்கள் ஊர் ஊராகப் போய் ஆர்டர் பிடித்து, மார்கழிக்குள் பார்சல் போன சரக்குக்கெல்லாம் மீதிப் பணம் வந்து சேர வேண்டிய நேரம். "அண்ணாச்சி, நான் டிசம்பர்லயே கட்டிட்டேனே, எப்படிப் பாக்கி காட்டுறீங்க?" என்று காலையிலிருந்தே போன் வரும்.

ஒவ்வொரு தை மாதமும் உட்கார்ந்து அவிழ்த்த முடிச்சுகளை அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். காலண்டரை வைத்துச் சொன்னாலும், ஏஜென்ட் மூலம் விற்றுக் கடைக்காரரிடம் வசூலிக்கும் எந்தத் தொழிலுக்கும் இது ஏறக்குறைய பொருந்தும்.

## எந்தக் கோளாறானாலும் முதலில்

பில் யார் பேரில் போட்டிருக்கிறது என்று பாருங்கள். வேறு எதையும் அதற்கு முன் தொட வேண்டாம்.

நம் தொழிலில் ஏஜென்ட்கள் இரண்டு விதம். ஒருவர் ஆர்டர் மட்டும் பிடித்துத் தருவார். பில் கடைக்காரர் பேரில் போகும், அவருக்குக் கமிஷன். இன்னொருவர் தன் பேரிலேயே சரக்கை வாங்கித் தன் விலைக்கு விற்பார். அவருக்குக் கமிஷன் கிடையாது, விலை வித்தியாசம்தான் லாபம். முதல் வகையில் பணம் யார் கையால் வந்தாலும் வரவு கடைக்காரர் பேரில்தான் விழ வேண்டும். இரண்டாம் வகையில் கடைக்காரரே நேரில் வந்து கட்டினாலும் வரவு ஏஜென்ட் பேரில். ஒரே ஏஜென்ட் இரண்டு விதமாகவும் வேலை செய்தால் அவருக்கு இரண்டு லெட்ஜர், அதாவது தனித்தனிக் கணக்கு ஏடு வேண்டும். ஒன்றிலேயே போட்டு ஓட்டிய வருடங்களில் எங்களுக்குக் கணக்கு ஒருபோதும் சேர்ந்ததில்லை.

அடுத்து, ரசீது போடுவது யார் என்பது. விற்பனைப் பிரிவு ஆர்டரை எழுதட்டும், சரக்கு அனுப்பும் டெஸ்பாட்ச் பிரிவு பார்சலை எழுதட்டும். பணம் வந்ததாக எழுதும் உரிமை கணக்குப் பிரிவுக்கு மட்டும்தான், அதிலும் முடிந்தால் ஒரே ஆளுக்கு. கீழே வரும் கோளாறுகளில் பாதிக்குமேல், யாரோ திருடியதால் வந்தவை அல்ல. "அவர் எழுதியிருப்பார்" என்று இவரும், "இவர் எழுதியிருப்பார்" என்று அவரும் நினைத்ததால் வந்தவை.

## அறிகுறி: வாடிக்கையாளர் கட்டிவிட்டதாகச் சொல்கிறார், லெட்ஜரில் பாக்கி நிற்கிறது

முதலில் அவரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். நான் பார்த்தவரை பத்தில் எட்டு முறை அவர் சொல்வது சரியாகத்தான் இருக்கும். எப்போது கட்டினார், எவ்வளவு, எந்த வழியில், யார் கையில் என்ற நான்கையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

ஒரே பெயர்க் குழப்பம். முருகன் ஸ்டோர்ஸ் இல்லாத ஊர் ஏது? தேடலில் முதலில் வந்த பெயரைத் தட்டி வரவு வைத்துவிடுவது மிகச் சாதாரணமாக நடக்கும். அதே தொகையை அந்தத் தேதிக்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் எல்லா லெட்ஜரிலும் தேடுங்கள். கிடைத்தால் ஒரு ஜர்னல் (ஒரு லெட்ஜரிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் பதிவு) போட்டு மாற்றினால் முடிந்தது. இனி வராமலிருக்க, லெட்ஜர் பெயரோடு ஊர்ப் பெயரையும் ஆர்டர் எண்ணையும் சேர்த்து வையுங்கள்.

ஏஜென்ட் பேரில் வரவாகியிருப்பது. ஏஜென்ட் மொத்தமாக ஒரு தொகையை அனுப்பியிருப்பார். யார் யாருக்கு எவ்வளவு என்ற பட்டியல் விற்பனைப் பிரிவின் வாட்ஸ்அப்பில் கிடக்கும். கணக்குப் பிரிவு அதைப் பார்க்காமல் முழுத் தொகையையும் ஏஜென்ட் கணக்கில் போட்டிருக்கும். பட்டியலை வாங்கிப் பிரித்து எழுதுங்கள். பட்டியல் இல்லாமல் வரும் மொத்தத் தொகையை எந்த லெட்ஜரிலும் நிரந்தரமாக வைக்காதீர்கள். 'பிரிக்க வேண்டியது' என்று ஏஜென்ட் பேரில் ஒரு தனித் தலைப்பில் வைத்து, மூன்று நாளுக்குள் பட்டியல் கேளுங்கள்.

யூபிஐயில் கழிந்து நமக்கு வராதது. ஒவ்வொரு பணமாற்றத்துக்கும் தனியாக விழும் 12 இலக்க யூடிஆர் எண்ணை அவரிடமிருந்து வாங்குங்கள். ஸ்கிரீன்ஷாட் போதாது, அதில் 'ப்ராசசிங்' என்று இருப்பதை அவசரத்தில் யாரும் கவனிப்பதில்லை. அந்த எண் நம் பேங்க் ஸ்டேட்மென்ட்டில் இல்லையென்றால் பணம் வரவில்லை, அவ்வளவுதான். ரிசர்வ் வங்கியின் 2019ஆம் ஆண்டு விதிப்படி, ஒருவர் கணக்கிலிருந்து இன்னொருவர் கணக்குக்கு அனுப்பிச் சேராத பணம் மறுநாளுக்குள்ளும், வணிகர் க்யூஆருக்குப் போட்டது ஐந்து நாளுக்குள்ளும் அனுப்பியவருக்குத் தானாகத் திரும்ப வேண்டும். தாமதித்தால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. இதை வாடிக்கையாளரிடம் எடுத்துச் சொல்லி, அவருடைய வங்கியில் புகார் பதியச் சொல்லுங்கள். புகார் அவர்தான் தர வேண்டும், நம்மால் முடியாது.

ஏஜென்ட் கையில் நிற்பது. கடைக்காரர் ரொக்கமாகக் கொடுத்திருப்பார், அல்லது ஏஜென்ட்டின் சொந்த ஜிபே எண்ணுக்குப் போட்டிருப்பார். நாங்கள் அச்சடித்துக் கொடுத்த ரசீதா, ஏஜென்ட் தன் நோட்டில் கிழித்துக் கொடுத்ததா என்று கேளுங்கள். நம் ரசீது என்றால் கடைக்காரருக்கு அன்றே வரவு வைத்து, அந்தத் தொகையை ஏஜென்ட் தர வேண்டியதாகப் பற்று எழுத வேண்டும். ரசீது கொடுத்தபின் அது நமக்கும் ஏஜென்ட்டுக்குமான பாக்கி. கடைக்காரர் அதில் இல்லை.

இதை எங்கள் அலுவலகத்தில் ஒருமுறை செய்யாமல் விட்டோம். பல வருடமாக நம்மிடம் காலண்டர் போட்ட ஒரு பாத்திரக்கடைக்காரருக்கு, ஏஜென்ட் கையில் கொடுத்த பணத்துக்காக மூன்று நினைவூட்டல் கடிதம் போய்விட்டது. அவரிடம் நம் ரசீது இருந்தது. அதன் நகலை அனுப்பினார், கூடவே ஒரு வரி எழுதியிருந்தார்: கடையில் வேலை பார்க்கும் பையன்கள் முன்னால் அந்தக் கடிதம் பிரிக்கப்பட்டது என்று. அடுத்த வருடம் அவர் ஆர்டர் தரவில்லை. வரவு எழுத ஒரு வாரம் தாமதித்தால் ஒரு மனிதனை ஊருக்குள் கடன்காரனாக்கி விடுகிறோம்.

*எப்போது மேலே கொண்டுபோவது:* ஒரே ஏஜென்ட் பகுதியில் மூன்று கடைக்காரர்கள் இதே புகாரைச் சொன்னால், நாலாவதற்குக் காத்திருக்காமல் முதலாளியிடம் போய்விடுங்கள்.

## அறிகுறி: வங்கியில் பணம் வந்திருக்கிறது, யாருடையது என்று தெரியவில்லை

நம் தொழிலில் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. காலண்டரில் அச்சடிப்பது கடைப் பெயர், பணம் வருவதோ உரிமையாளரின் மனைவி கணக்கிலிருந்தோ மகன் கணக்கிலிருந்தோ. ஸ்டேட்மென்ட்டில் இருக்கும் பெயரை ஆர்டர் புத்தகத்தில் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

சரி, வரிசையாகப் பாருங்கள். தொகை ஏதாவது பில்லின் மீதியோடு பைசா சுத்தமாக ஒத்துப்போகிறதா? 7,840 ரூபாய் போன்ற தொகை பாக்கிப் பட்டியலில் அநேகமாக ஒரே இடத்தில்தான் இருக்கும். 5,000 என்று முழுத்தொகையாக வந்தால் அது முன்பணமாக இருக்கலாம், அப்போது ஆர்டர் படிவங்களைப் பாருங்கள். அடுத்து, ஸ்டேட்மென்ட்டின் விவரக் குறிப்பில் பல நேரம் அனுப்பியவரின் வங்கிக் கிளைக் குறியீடு இருக்கும். அதிலிருந்து ஊர் தெரியும், ஊர் தெரிந்தால் எந்த ஏஜென்ட் என்று தெரியும். அவரிடம் தொகையைச் சொல்லாமல், "இந்தத் தேதியில் உங்கள் பக்கம் யார் எவ்வளவு போட்டது?" என்று மட்டும் கேளுங்கள். தொகையை நாமே சொன்னால், "ஆமாம் அண்ணாச்சி, அது நம்ம பார்ட்டிதான்" என்ற பதில் சுலபமாக வந்துவிடும்.

டெபாசிட் இயந்திரத்தில் போட்ட ரொக்கம்தான் மிகவும் படுத்தும். போட்டவர் பெயரே வராது. இயந்திரம் தந்த சீட்டின் படத்தை அன்றே அனுப்பச் சொல்வதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரிந்து இல்லை.

எதிலும் கிடைக்காததை சஸ்பென்ஸ் என்ற தற்காலிகக் கணக்கில் போட்டு, தேதி வாரியாகப் பட்டியலை விற்பனைப் பிரிவின் சுவரில் ஒட்டுங்கள். ஊகித்து ஒருவர் பேரில் வரவு வைப்பது மட்டும் கூடவே கூடாது. அது ஒரு தவறை இரண்டாக்கும்: கட்டியவருக்குப் பாக்கி நிற்கும், கட்டாதவருக்குத் தீர்ந்துவிடும், பின்னவர் வாயைத் திறக்கமாட்டார்.

*செலவு பிடிக்கும் தீர்வு:* மாதம் நூற்றுக்கணக்கில் வரவு வந்தால், ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனி எண் தரும் விர்ச்சுவல் அக்கவுண்ட் வசதியைப் பற்றி வங்கிக் கிளையில் பேசுங்கள். பணம் எல்லாம் ஒரே கணக்குக்குத்தான் வரும், எண்ணை வைத்து யார் என்று தானே தெரிந்துவிடும்.

## அறிகுறி: ஒவ்வொரு பில்லிலும் ஒரே விகிதத்தில் சின்னப் பாக்கி நிற்கிறது

ஒரு ஏஜென்ட்டின் எல்லாக் கடைகளுக்கும் பத்து சதவீதம் பாக்கி நின்றால் கடைக்காரர்களைத் தேட வேண்டாம். ஏஜென்ட் கமிஷனைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கட்டியிருக்கிறார், கணக்குப் பிரிவு வந்ததை மட்டும் வரவு வைத்திருக்கிறது.

கடைக்காரர் கொடுத்தது 10,000 ரூபாய். கமிஷன் 1,000. வரவு முழு 10,000க்கும் கடைக்காரர் பேரில் விழ வேண்டும். கமிஷன் 1,000 செலவாக எழுதப்பட வேண்டும். அந்தக் கமிஷனுக்கு 2 சதவீதம் டிடிஎஸ் (கொடுக்கும்போதே நாம் பிடித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி), 20 ரூபாய். ஆக, ஏஜென்ட் நமக்கு அனுப்ப வேண்டியது 9,000 அல்ல, 9,020. ஏஜென்ட் தானே பிடித்துக்கொண்டதால் நமக்குப் பொறுப்பில்லை என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். பொறுப்பு நம்முடையதுதான்.

இந்த டிடிஎஸ் விகிதம் 2024 செப்டம்பர் 30 வரை 5 சதவீதமாக இருந்தது. பழைய வவுச்சரை நகலெடுத்துப் போடும் பழக்கம் இருந்தால் இன்னமும் 5 சதவீதம் ஓடிக்கொண்டிருக்கும், அதைப் பாருங்கள். ஒரு ஏஜென்ட்டுக்கு வருடக் கமிஷன் 20,000 ரூபாயைத் தாண்டாவிட்டால் பிடிக்க வேண்டாம். அந்த வரம்பு 2025 ஏப்ரலுக்கு முன் 15,000. பான் எண் தராத ஏஜென்ட்டுக்கு 20 சதவீதம் பிடிக்க வேண்டும். இதைச் சொன்னதுமே பான் எண் வந்துவிடும்.

பாக்கி ஏஜென்ட் வாரியாக இல்லாமல் பெரிய நகைக்கடை, நிதி நிறுவனம் போன்ற ஒரு சிலரிடம் மட்டும் நின்றால், அவர்கள் நம் பில்லில் டிடிஎஸ் பிடித்திருக்கலாம். நம் பேரில் யார் யார் வரி பிடித்துக் கட்டினார்கள் என்று வருமான வரித்துறை காட்டும் 26ஏஎஸ் பட்டியலில் அவர்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது பாக்கி அல்ல, நமக்கு வரிவரவு.

*ஆடிட்டரிடம் போக வேண்டிய இடம்:* போன வருடக் கமிஷனுக்கு டிடிஎஸ் பிடிக்கவே இல்லை என்று தெரியவந்தால். மாதத்துக்கு மாதம் வட்டி ஏறும், அந்தச் செலவில் 30 சதவீதத்தை வருமான வரிக் கணக்கில் ஒப்புக்கொள்ளவும் மாட்டார்கள். நாமாகப் பழைய தேதியிட்டுச் சரிசெய்ய முயல வேண்டாம். பிரைவேட் லிமிடெட் கம்பெனி என்றால் 2023 ஏப்ரல் முதல் திருத்தத்தின் தடத்தைப் பதிவு செய்யும் மென்பொருளில்தான் கணக்கு எழுத வேண்டும், பழைய தேதியிட்ட எந்தத் திருத்தமும் அதில் தெரிந்துவிடும்.

## அறிகுறி: ஏஜென்ட் சொல்லும் இருப்பும் நம் இருப்பும் சேரவில்லை

கடைசித் தொகையை வைத்து வாதாடாதீர்கள். இரண்டு பேரும் ஒப்புக்கொண்ட ஏதாவது ஒரு பழைய தேதியைப் பிடியுங்கள். போன மார்ச் 31 ஒத்துப்போகிறதா? இல்லையென்றால் அதற்கு முந்தைய மார்ச். ஒத்துப்போன தேதியிலிருந்து மாதம் மாதமாக இறங்கி வந்தால், எந்த மாதத்தில் பிரிகிறது என்று அரைமணியில் தெரிந்துவிடும்.

பிரியும் மாதத்தில் இவற்றைத் தேடுங்கள்: ஆல்பத்துக்கு வாங்கிய தொகை, அட்டை மாறிப்போய்த் திரும்பி வந்த சரக்கு, கடைப் பெயரில் எழுத்துப்பிழை விட்டதற்காகப் பேசிக் கழித்த தொகை, லாரி வாடகை. இந்த நான்கும் விற்பனைப் பிரிவில் வாயால் ஒப்புக்கொள்ளப்பட்டுக் கணக்குப் பிரிவுக்கு வந்தே சேராதவை. ஏஜென்ட் தன் நோட்டில் கழித்து எழுதியிருப்பார், அவர் பக்கம் நியாயம் இருக்கும். இதற்கு நாங்கள் கண்ட வழி, கழிவு ஒப்புக்கொண்டவர் அன்றே கையெழுத்துப் போட்ட ஒரு சீட்டைக் கணக்குப் பிரிவுக்கு அனுப்புவது. சீட்டு இல்லாத கழிவு இல்லை.

வித்தியாசத் தொகையையும் ஒருமுறை உற்றுப் பாருங்கள். 9ஆல் மீதியின்றி வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம்: 6,300ஐ 3,600 என்று எழுதினால் வித்தியாசம் 2,700. வித்தியாசத்தில் சரிபாதி தொகை எங்காவது இருந்தால், வரவில் எழுத வேண்டியதைப் பற்றில் எழுதியிருக்கிறீர்கள். பழைய பேரேட்டுக் காலத்துப் பரிசோதனைதான், கம்ப்யூட்டரிலும் அப்படியே பலிக்கிறது.

சேர்ந்ததும் இருவரும் கையெழுத்திட்ட இருப்பு உறுதிச் சீட்டு ஒன்றை வாங்கி வையுங்கள். சாதாரண வியாபாரக் கடனுக்கு வழக்குப் போட மூன்று வருடம்தான் கெடு. அந்தக் கெடு முடியுமுன் பாக்கிக்காரர் எழுத்தில் ஒப்புக்கொண்டால் கெடு அந்தத் தேதியிலிருந்து புதிதாக ஆரம்பிக்கும்.

## அறிகுறி: ஒரே பணம் இரண்டு முறை வரவாகியிருக்கிறது

ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்து ஒருவர், ஸ்டேட்மென்ட்டைப் பார்த்து இன்னொருவர் எழுதியிருப்பார்கள். யூடிஆர் எண் வாரியாக வரிசைப்படுத்திப் பாருங்கள், இரட்டை தெரிந்துவிடும். யூடிஆர் எழுதும் பழக்கமே இல்லையென்றால் இன்றே தொடங்குங்கள். ஸ்டேட்மென்ட்டில் வந்த பிறகே ரசீது என்று வைத்துக்கொண்டால் இந்தக் கோளாறு மறுபடி வராது.

## அறிகுறி: செக் வாங்கி வரவு வைத்தாயிற்று, பணம் வரவில்லை

செக்கில் தேதி என்ன? பொங்கலுக்குப் பிந்தைய தேதியிட்ட செக்கை டெஸ்பாட்ச் ஆட்கள் பார்சல் கொடுக்கும்போதே வாங்கி, அதை வரவாகச் சொல்லியிருப்பார்கள். பின்தேதி செக்கைத் தனிப் பதிவேட்டில்தான் எழுத வேண்டும், லெட்ஜரில் அல்ல. அடுத்து, மேசை டிராயரில் தூங்குகிறதா என்று பாருங்கள். தேதியிலிருந்து மூன்று மாதம் தாண்டினால் அது வெறும் தாள்.

போட்டுத் திரும்பியிருந்தால் வரவை அன்றே ரத்து செய்து பாக்கியைத் திரும்ப நிறுத்துங்கள், வங்கி பிடித்த கட்டணத்தையும் சேர்த்து. பழைய ரசீதை அழிக்காதீர்கள், எதிர்ப்பதிவு போடுங்கள். பெரும்பாலும் ஒரு போனிலேயே தீர்ந்துவிடும்.

*வக்கீலிடம் போக வேண்டிய இடம்:* போனுக்கு ஒரு வாரத்தில் பதில் இல்லையென்றால். திரும்பிய தகவல் வங்கியிலிருந்து வந்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் போக வேண்டும். அது கிடைத்து 15 நாளுக்குள் அவர் கட்டாவிட்டால், அதன்பின் ஒரு மாதத்துக்குள் கோர்ட்டில் புகார். தகவல் வந்த தேதியைக் கணக்குப் பிரிவு எழுதி வைக்காததால் நல்ல வழக்குகள் கைவிட்டுப்போனதைப் பார்த்திருக்கிறேன். வங்கி தரும் திருப்பல் சீட்டின் உறையில்கூட வந்த தேதியை எழுதி வையுங்கள்.

## அறிகுறி: ஏஜென்ட் ஒரே நாளில் பெரிய ரொக்கம் கொண்டுவருகிறார்

2017 ஏப்ரல் முதல், ஒருவரிடமிருந்து ஒரே நாளில் 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது. வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் வரலாம். பில் ஏஜென்ட் பேரில் என்றால் எல்லை தெளிவு: 2 லட்சத்தைத் தொடாதீர்கள், பாக்கியை அவர் வங்கியில் போட்டு அனுப்பட்டும். பில் பல கடைக்காரர்கள் பேரில், ஏஜென்ட் வசூலித்து மட்டும் வருகிறார் என்றால், ஒவ்வொரு கடைக்கும் தனி ரசீதும் பட்டியலும் இல்லாமல் அந்தப் பணத்தை எண்ணவே தொடங்காதீர்கள். அப்படி அடிக்கடி வந்தால் முன்கூட்டியே ஆடிட்டரிடம் கேட்டு எழுத்தில் வாங்கி வையுங்கள்.

## அறிகுறி: ரசீது எண்களில் இடைவெளி, ரசீதுத் தேதிக்கும் பணம் வந்த தேதிக்கும் தூரம் கூடுகிறது

இதைக் கடைசியில் வைத்தேன், அரிதாக வருவதால். வந்தால் மற்ற எல்லா வேலையையும் நிறுத்திவிட்டுப் பார்க்க வேண்டியது.

ஒரு ஏஜென்ட்டிடம் கொடுத்த புத்தகத்தில் 50 தாள் என்றால், புத்தகத்திலேயே நிற்கும் நகலான அடிக்கட்டை 50ம் திரும்ப வர வேண்டும், கெட்டுப்போன தாள் உட்பட. ஓர் எண் இல்லையென்றால் முதலில் சாதாரணக் காரணத்தைப் பாருங்கள்: இரண்டு தாள் ஒட்டிக் கிழிந்திருக்கலாம், கார்பன் மாறியிருக்கலாம். அது இல்லையென்றால் அந்த எண்ணுக்கு முன்னும் பின்னும் உள்ள கடைகளுக்குப் போன் செய்து, அவர்களிடம் இருக்கும் ரசீது எண்ணையும் தொகையையும் கேளுங்கள். அடிக்கட்டையில் 4,000, கடைக்காரர் தாளில் 14,000 என்று இருந்தால் கேள்விக்கு இடமே இல்லை.

தேதித் தூரம் இன்னும் நுட்பமானது. கார்த்திகையில் ரசீது போட்ட நாலாம் நாள் பணம் வந்தது, மார்கழியில் பத்து நாள், தையில் இருபத்தைந்து நாள் என்று நீண்டுகொண்டே போனால், ஒருவர் பணத்தை எடுத்து அடுத்தவர் பணத்தால் அடைக்கும் சுழற்சி ஓடிக்கொண்டிருக்கலாம். அடிக்கட்டைத் தேதி, வங்கித் தேதி இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதி, இடையிலுள்ள நாட்களை எண்ணிப் பாருங்கள்.

இங்கே நீங்கள் தனியாக எதையும் செய்ய வேண்டாம். ஏஜென்ட்டையும் உடனே கூப்பிட்டுக் கேட்க வேண்டாம், கேட்ட மறுநாள் மீதி அடிக்கட்டைகள் தொலைந்துபோகும். முதலில் அவரிடமுள்ள எல்லா ரசீதுப் புத்தகங்களையும் வழக்கமான வருட முடிவுச் சரிபார்ப்பு என்று சொல்லி வரவழையுங்கள். புத்தகம் கொடுத்ததற்கு அவர் போட்ட கையெழுத்துப் பதிவேடு, அடிக்கட்டைகள், பேங்க் ஸ்டேட்மென்ட், கடைக்காரர்கள் அனுப்பிய ரசீதுப் படங்கள் ஆகியவற்றை ஒரு கோப்பில் தேதி வாரியாக அடுக்கி, முதலாளியிடமும் ஆடிட்டரிடமும் ஒரே நேரத்தில் கொடுங்கள். காவல் நிலையத்துக்குப் போவதா, பேசி வாங்குவதா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். அதற்குள் நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. ரசீது கையில் வைத்திருக்கும் ஒவ்வொரு கடைக்காரருக்கும் முழு வரவு வைத்து, அவர்களுக்குப் போகும் நினைவூட்டல் கடிதங்களை அன்றே நிறுத்திவிடுங்கள்.